பிள்ளைக்காம்பராவின் கீழ் மூலை

அந்தத் தோட்டத்தில் காலடி வைத்த அன்றே, பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எஹலியகொடையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடேறி, கையில் ஒரு பையும் கக்கத்தில் சுருட்டிய வரைபடமுமாக மூச்சு வாங்க நின்றேன். "மிஸ்ஸி வந்துட்டாங்க, மிஸ்ஸி வந்துட்டாங்க" என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தோட்டத்தில் மிஸ்ஸி என்றால் மருத்துவிச்சி. "ஏங்க, நான் கட்டடம் கட்ட வந்தவங்க" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நல்லவேளை, உண்மையான மருத்துவிச்சி என் பின்னாலேயே வந்து சேர்ந்தார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள், நானும் தப்பினேன்.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். படித்த பெண் ஒருத்தி பையோடு தோட்டத்துக்கு வந்தால் அவள் மருத்துவிச்சியாக இருப்பாள், இல்லாவிட்டால் டீச்சராக இருப்பாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று ஒருத்தி வருவாள், அத்திவாரம் சரியா என்று பார்ப்பாள், சரியில்லாவிட்டால் உடைக்கச் சொல்வாள் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்? எழுபதுகளின் கடைசி. அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டு சில வருஷம் ஆகியிருந்தது. லயத்துக்கு ஓடு, கக்கூசு, தண்ணீர்த் தொட்டி என்று கொஞ்சம் கட்டட வேலைகள் நடந்தன. அதற்கு ஆள் போதாமல்தான் என்னையும் எடுத்தார்கள். பிரியப்பட்டு எடுத்தார்கள் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அப்பாவுக்கு ருவான்வெல்லைக் கடைவீதியில் ஒரு சின்னக் கடை. ஆணி, கயிறு, மண்வெட்டி, சீமெந்து எல்லாம் விற்றார். சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன். கொழும்புக்குப் போய் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்றபோது அவர் கல்லாப்பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கல்லும் மண்ணும் சுமக்கவா இவ்வளவு படிச்ச?"

"சுமக்க இல்லப்பா, எங்க கொண்டு போய் வைக்கணும்னு சொல்றதுக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். இந்த நாட்டில் பெண்கள் தலையில் கல் சுமப்பதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. றோட்டு வேலையில் வெயிலில் உட்கார்ந்து கல் உடைப்பதும் பெண்கள்தான். அந்தக் கல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒருத்தி வாய் திறந்தால்தான் உலகம் தலைகீழாகிவிடும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் அங்கே கட்ட வேண்டியிருந்தது ஒரு பிள்ளைக்காம்பரா. ரப்பர்ப் பால் வெட்டவும் தேயிலைக் கொழுந்து எடுக்கவும் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அப்போது இருந்த பழைய காம்பரா, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டில். வெயிலில் வேகும், மழையில் ஒழுகும். வாசலில் எந்நேரமும் சேறு. சாக்குத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும், ஈ மொய்க்கும். அதைப் பார்த்துக்கொண்ட ஆயா நல்ல பருமனான பெண்மணி. வாய் அதைவிடப் பெரிது.

"இங்க புள்ளைங்க சாகாம இருக்கறது சாமி பாக்கறதுனாலதான் மிஸ்ஸி. நான் பாக்கறதுனால இல்ல" என்று முதல் நாளே சொன்னாள். நான் மருத்துவிச்சி இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

புதிய காம்பராவுக்கு ஒதுக்கிய இடம் லயங்களுக்குக் கீழே, ஓடைப் பக்கமாகச் சரிந்த ஒரு துண்டு நிலம். நல்ல இடமெல்லாம் ரப்பருக்கு, மிச்சம் மனிதருக்கு. மேல் பக்கத்தில் முழங்கால் ஆழம் வெட்டினாலே கெட்டித் தரை வந்துவிடும். ஓடைப் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் ஓராள் ஆழம் குழி தோண்டி, அடியில் கொங்கிரீட் போட்டு, அதிலிருந்து தூண் எழுப்ப வேண்டும். வரைபடத்தில் அது ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தில்தான் எல்லாமே வந்து நின்றது.

தோண்டும் வேலையை அடுத்த கிராமத்து பாஸ் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் மேசன் வேலை, தச்சு வேலை தெரிந்த தலைமை ஆள். அவரும் அவருடைய ஆட்களும் வாலிப வயதிலிருந்தே மாணிக்கக் குழிகளில் இறங்கிப் பழகியவர்கள். இரத்தினபுரிப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆட்களுக்குக் குறைவில்லை. மண் சரியாமல் ரப்பர்க் கம்பு அடித்து, கம்புக்குப் பின்னால் பன்னைச்செடி இலையைத் திணித்து அவர்கள் தாங்கு கட்டுகிற அழகை நான் நின்று ரசித்திருக்கிறேன். தூரத்தில் நின்றுதான்.

ஏனென்றால் மாணிக்கக் குழிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் கிட்டே போகக் கூடாது. இறங்குவது இருக்கட்டும், எட்டிப் பார்த்தாலே தீட்டு. கல் மறைந்துபோகும், மண் சரியும் என்பார்கள். பாஸ் அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் அத்திவாரத்தில் வைத்தார். முதல் நாள் நூல் பிடித்து முளை அடித்து முடித்தவுடனே சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார்:

"மிஸ், இனிமே குழிப் பக்கம் வரவேணாம். என்ன வேணும்னாலும் அங்கேருந்து கேளுங்க, நான் சொல்றேன்."

கடைவீதியில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "பாஸ், நீங்க தோண்டுறது மாணிக்கக் குழியா, பிள்ளைக்காம்பராவா?" என்று கேட்டேன்.

"மண்ணுன்னா மண்ணுதான் மிஸ். வெட்டத் தொடங்கிட்டா எல்லாம் ஒண்ணுதான். நீங்க கிட்ட வந்தா என் ஆளுங்க இறங்கமாட்டாங்க. எபா மிஸ்."

வேண்டாம் மிஸ் என்று இவ்வளவு பணிவாகச் சொன்னால் சண்டை போடவும் முடியாது. இரத்தினபுரியில் இருந்த எங்கள் பொறியியலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வடக்கிலிருந்து வந்தவர், சாந்தமான மனிதர், யாரோடும் மோதாமல் ஓய்வூதியம் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே இலட்சியம். "பிள்ளை, கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்கோ. அவை ஊர்ச்சனம். நாங்கள் ஆர், எங்கட நிலைமை என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே? வழக்கத்தில கை வைச்சால் பிறகு இது வேற பிரச்சினையாப் போயிடும்" என்றார். அவர் சொன்ன வேறு பிரச்சினை எனக்குத் தெரியும். எழுபத்தேழுக் கலவரத்தில் அப்பாவின் கடைக் கதவும் கல்லடி வாங்கியது. ஆனால் நான் கேட்டது அத்திவாரம் பார்க்கிற உரிமை. சம்பளம் கொடுத்து என்னை வைத்திருப்பதே அதற்குத்தான். குழியை எட்டிப் பார்க்காமல் குழி சரி என்று சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?

தோட்டத்து ஆண்களாவது என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். அங்கேயும் அதே பாட்டுத்தான். "தாயி, அவங்க வழக்கம் அது. நம்மள்ளயும் கெணறு தோண்டுறப்ப பொம்பளைங்கள விடமாட்டோம்ல. ஒதுங்கி நின்னுக்கங்க, வேலை நடக்கட்டும்" என்று வயதான கங்காணி ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். சிங்களவர், தமிழர், ஊர்க்காரர், வடக்கத்தியார் எல்லாரும் ஒரே குரலில் பேசிய ஒரே விஷயம் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இதுதான்.

மேல் பக்கத்து அத்திவார வாய்க்கால்கள் முழங்கால் ஆழம்தானே, அவற்றை மேட்டில் நின்றே பார்க்க முடிந்தது. அதை பாஸ் தடுக்கவில்லை. கீழ் மூலைக் குழி ஆழமாக ஆக, ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழியைச் சுற்றிலும் தென்னங்கிடுகு கட்டி மறைத்திருந்தார்கள்.

"என்ன பாஸ் இது?"

"மழைக்கு மிஸ். தண்ணி இறங்கிடும்ல."

மழைக்குக் கூரை போடுவார்களா, வேலி போடுவார்களா? கேட்டேன். பாஸ் பல்லைக் காட்டினார். அன்றிலிருந்து வழக்கம் இன்னும் கடுமையாகிவிட்டது. முன்பு நான் நின்று பார்த்த இடத்தில்கூட இப்போது நிற்கக் கூடாதாம். ஒரு ஆள் தினமும் குளித்துவிட்டு வந்து குழிப் பக்கத்தில் விளக்கு வைத்தான். பிள்ளைக்காம்பராவுக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டொரு நாளில் ஆயா ஓடைக்குத் துணி அலசப் போய்விட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கறேன். நீங்க படிச்சவங்க. வீடு கட்டுறதுக்கு மண்ணக் கழுவுவாங்களா?"

"என்ன ஆயா சொல்றீங்க?"

"அந்தப் பாஸ் ஆளுங்க குழியிலேருந்து சரளைய அள்ளியாந்து கூடையில போட்டு ஓடையில வச்சுச் சுத்திச் சுத்திக் கழுவுறாங்க. கழுவிட்டு ஒவ்வொரு கல்லா வெயில்ல புடிச்சுப் பாக்கறாங்க. நானும் எத்தனையோ கட்டடம் பாத்திருக்கேன், மண்ணத் தலைகுளிப்பாட்டி நான் பாத்ததில்லீங்க."

எனக்கு விளங்கிவிட்டது. கீழ் மூலையில் அவர்கள் மாணிக்கச் சரளைப் படையைக் கண்டிருக்கிறார்கள். கண்டவுடன் பிள்ளைக்காம்பரா மறந்துபோய்விட்டது. வேறு ஊர் ஆட்களாக இருந்தால் சரளை வந்ததே என்று சந்தோஷப்பட்டுக் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். இவர்களால் முடியாது. அந்தப் படையைக் கண்ட பிறகு தோண்டாமல் மேலே வருவது, பசித்தவன் சோற்றுப்பானையை மூடிவிட்டு வருவது மாதிரி.

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போனேன். வெள்ளைக்காரர் போன பிறகு வந்த துரைமாரில் ஒருவர். கண்டிப் பக்கத்து மனிதர், நல்ல உடுப்பு, நல்ல ஆங்கிலம். முழுவதையும் கேட்டார். பிறகு, கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் திறப்பு விழாவுக்கு வருகிறார், அதற்குள் கூரை ஏற வேண்டும், மாணிக்கம் கீணிக்கம் என்று கிளம்பினால் பொலிஸ், விசாரணை என்று வேலை நின்றுபோகும் என்றார். "உங்களுக்கு ஆதாரம் இருக்கா மிஸ்? நீங்க குழியைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாக்க விடமாட்டேங்கறாங்க சேர். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பாக்கலேன்னா எப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

எப்படிப்பட்ட நியாயம் பாருங்கள். பார்க்கவும் கூடாது, பார்க்காமல் பேசவும் கூடாது. மேடு இறங்கி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபத்தில் காது சுட்டது.

கொங்கிரீட் போடுகிற நாள் வந்தது. கிடுகைப் பிரித்துவிட்டார்கள். குழி ஓராள் ஆழத்தில், அடி மட்டமாக, அழகாகத் துப்புரவாக இருந்தது. பலகையில் கொங்கிரீட் கலந்து தயாராகக் கிடந்தது. கலவைத் தாச்சிச் சட்டி தூக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பெரிய துரையும் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். நான் மேட்டில் நின்றுகொண்டு, "அடித்தரையில் அலவாங்கைக் குத்திக் காட்டுங்க பாஸ்" என்றேன்.

பாஸ் அந்தக் கடப்பாரையோடு உள்ளே இறங்கி நடுவில் ஒரு இடத்தில் ஓங்கிக் குத்தினார். டங்கென்று கேட்டது.

"கேட்டீங்களா மிஸ்? கல்லு."

"இன்னொரு முழம் தள்ளிக் குத்துங்க."

"அங்கேயும் கல்லுதான் மிஸ்."

"அப்ப குத்துறதுல என்ன கஷ்டம்?"

அவர் குத்தவில்லை. மேலே ஏறி வந்து அலவாங்கை என் கைக்கு எட்டாத தூரத்தில் சாய்த்து வைத்தார். "துரை, கலவை இறுகுது" என்றார் என்னைப் பார்க்காமல். துரை கையசைத்தார். முதல் தாச்சி தோளுக்கு ஏறியது.

அந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் யோசிக்கவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளை நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். எனக்கு வந்தது வெறும் கோபம். ஆயா பழைய காம்பரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, உங்க படங்கைக் குடுங்க" என்றேன். தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற முரட்டுத் துணி. அதைச் சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அலவாங்கை எடுத்துக்கொண்டு, ஏணியில் கால் வைத்தேன்.

"எபா மிஸ்! நீங்க இறங்கினா நாங்க போயிடுவோம்!"

"போங்க" என்றேன்.

போய்விட்டார்கள். தாச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, தீயைக் கண்டது போல மேட்டுக்கு ஏறிப் போய் நின்றுகொண்டார்கள். நான் அடியில் கால் வைத்தேன். பாஸ் குத்திய இடத்தில் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் அம்மி அளவில் ஒரு தட்டைக் கல், பதமாகப் புதைத்து வைத்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நான் அலவாங்கை ஊன்றினேன். ஓங்கவே தேவையில்லை. களிக்குள் கரண்டி போவது போலப் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மற்ற மூலையில் ஊன்றினேன், அங்கேயும் அப்படித்தான். இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மேலே நின்றவர்களுக்குத் தெரியட்டும் என்று அலவாங்கை அப்படியே விட்டுவிட்டேன். அது தானாகச் சாய்ந்தது.

"மிஸ், வெளியே வாங்க!" துரையின் குரல் மாறியிருந்தது. "மேலே வந்து பேசுவோம்."

"இதை முழுசாத் தோண்டி எடுத்துக் கெட்டித் தரையைக் காட்டுங்க சேர், வர்றேன். இல்ல, கொங்கிரீட் போட்டே ஆகணும்னா போடுங்க. என் தலையில போடுங்க."

எனக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. நான் அலவாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடைத் தண்ணீர் கசிந்து கால் சில்லிட்டது. துரை என் வேலையைப் பற்றி, மேலிடத்தைப் பற்றி, ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றி மேலிருந்து சொல்லிக்கொண்டே போனார். நியாயமாகச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் மேலே ஏறினால் அந்தக் கலவை விழும், விழுந்த பிறகு அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் எப்போதும் கேட்கமாட்டார்கள். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பால் நிறுக்கிற நேரமாகிவிட்டது. வாளிகளோடு பெண்கள் இறங்கி வந்தார்கள், கூட்டத்தைக் கண்டு நின்றார்கள். ஆயா அவர்களுக்கு ஒரே மூச்சில் கதையைச் சொல்லிவிட்டாள், கொஞ்சம் மசாலா சேர்த்து. அவர்களில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தியும் இருந்தாள். தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், அவளுடைய கைக்குழந்தையும் ஆயாவிடம்தான் கிடந்தது. அவளுடைய புருஷன் பாஸின் ஆட்களில் ஒருவன். அவள் குழி விளிம்புக்கு வந்து என்னை எட்டிப் பார்த்தாள். பிறகு மேட்டில் நின்ற புருஷனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"இது நம்ம புள்ள தூங்கப்போற இடம்னு தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சுதான் தோண்டினியா?"

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வாளியை வைத்தாள், அவனுடைய மண்வெட்டியை எடுத்தாள், ஏணியில் இறங்கினாள். அவளுக்குப் பிறகு மற்றப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே இறங்கினார்கள். ஆயாவும் இறங்கத்தான் பார்த்தாள். ஏணி முனகியதால், "நான் மேல நின்னு வாங்கிக்கறேன்" என்று சமாதானமாகப் பின்வாங்கினாள்.

நாங்கள் மாறி மாறித் தோண்டினோம். மண் வெண்ணெய் மாதிரி வந்தது. வாளி வாளியாக மேலே போனது. இறங்க இறங்கப் பக்கத்தில் ரப்பர்க் கம்புத் தாங்கும் பன்னை இலையும் அப்படியே புதைந்திருந்தன. பிடுங்கிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தாங்கு இருந்ததால்தான் எங்கள் தலையில் மண் சரியவில்லை, அதற்கு மட்டும் பாஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடியில் சரளை தெரிந்தபோது, ஓடைக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரில் மண்வெட்டி ஓட்டையில் போனது. மண்ணை விலக்கினோம். ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சுரங்கம். காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.

மேலேயிருந்து நீளமான மூங்கில் ஒன்றை வாங்கி உள்ளே விட்டேன். முழு மூங்கிலும் போனது. எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். மேலே நான் முளை அடித்து நூல் கட்டியிருந்த சதுரத்துக்கு நேர் அடியில். அதாவது காம்பராவின் தரைக்கு அடியில். தொட்டில்கள் வரிசையாகத் தொங்கப்போகிற இடத்துக்கு அடியில்.

இதைப் பெண்களிடம் சொன்னேன். சிங்களப் பெண் மூங்கிலைத் தன் கையில் வாங்கி, தானே ஒருமுறை உள்ளே விட்டுப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க அல்ல. தன் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பிறகு சேற்றில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

பலகையில் கிடந்த கொங்கிரீட் வீணாகவில்லை. ஆயா அது இறுகுமுன்பே அள்ளிக்கொண்டு போய்ப் பழைய கொட்டிலின் சேற்று வாசலில் கொட்டிப் பரப்பிக்கொண்டாள். சுரங்கத்தைத் திறந்து, உள்ளே கல் அடுக்கிச் சாந்து ஊற்றி, அடியிலிருந்து கெட்டியாக எழுப்ப வேண்டியதாயிற்று. அந்த வேலையைத் தோட்டத்துப் பெண்கள் செய்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் குழிக்குள் நின்றேன். பாஸுக்குக் கல் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷம் அவர் வீட்டுக்கு ஓடு போட்டதாகக் கேள்வி.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் அனுபவக் குறைவு. என்மேல் முறைப்பாடு போனது. பெண்களைக் குழிக்குள் இறக்கி ஊர் வழக்கத்தை அவமதித்தேன், தொழிலாளரைத் தூண்டிவிட்டேன், துரையின் சொல்லை மீறினேன். சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். பெரட்டுக்களத்தில், காலையில் எல்லாரும் வேலைக்குப் பிரிகிற நேரத்தில், பாஸிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த இடத்திலேயே வேலையை முடிக்கலாம். கேட்காவிட்டால் எம்பிலிப்பிட்டியவுக்கு இடமாற்றம். "ஒரு சொல்லுத்தானே பிள்ளை. சொல்லிப்போட்டு வாங்கோ" என்றார் பாவம் அந்த மனிதர்.

அந்தக் கட்டடத்துக்குக் கூரை ஏறுவதை நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அது நானே தனியாக நூல் பிடித்துத் தொடங்கிய முதல் கட்டடம். ஒரு சொல் சொன்னால் அது என்னுடையது. அன்று காலையில் பெரட்டுக்களத்துக்கு அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

தொழிலாளர்கள் வரிசையில் நின்றார்கள். துரை நின்றார். பாஸ் வெள்ளைச் சாரமும் சட்டையுமாக, மன்னிப்பு வாங்க வந்த மாப்பிள்ளையைப் போல நின்றார். அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தவுடன் எனக்கு நாக்கு திரும்பிவிட்டது.

"பாஸ், குழிக்குள்ள கால் வச்சதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க" என்று சிங்களத்தில் தொடங்கினேன், வரிசையில் நிற்பவர்களுக்காக ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னேன். "பொம்பள பாத்தா மண்ணு சரியும்னு சொன்னீங்க. நான் பாக்காம இருந்திருந்தாத்தான் சரிஞ்சிருக்கும். இருபது முப்பது தொட்டிலோட உள்ள போயிருக்கும். அந்தக் குழிய மூடினப்ப அது ஒங்களுக்குத் தெரியும். உங்க வழக்கத்துல அதுக்குத் தீட்டு உண்டா? உண்டுன்னா சொல்லுங்க, அதைக் கழிச்சிட்டு வாங்க, பொறவு நான் மன்னிப்புக் கேக்கறேன்."

பாஸ் வாயைத் திறந்தார். துரையைப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார், அவர்களில் தன் ஆளின் பெண்சாதி நிற்பதையும் பார்த்தார். பிறகு றோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"மிஸ், இது மன்னிப்பு இல்லை" என்றார் துரை.

"இல்லைதான் சேர்" என்றேன். "பெட்டி கட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

பெட்டி கட்டவில்லை. அதுமட்டும் பொய். மேடேறிப் போய் அழுதுகொண்டே கட்டினேன். திறப்பு விழாவுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாலை போட்டுக்கொண்டு நின்ற பெரியவரின் படம் பத்திரிகையில் வந்ததாம், நான் பார்க்கவில்லை.

எம்பிலிப்பிட்டியவில் வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் நாள் தளத்துக்குப் போனபோது அங்கேயும் ஒரு குழி, அங்கேயும் ஒரு பாஸ். என்னைக் கண்டதும் எழுந்து, கையைக் குறுக்கே நீட்டி, சிரித்துக்கொண்டே, "மிஸ், குழிப் பக்கம்..." என்று தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் குழியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து தலையைத் தூக்கித்தான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.